சந்தனம் பட்ட ஐந்து கம்பிகள்

மூத்தவள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, அப்பா செய்யும் வேலையைப் படமாகக் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் என்னைக் கீறினாள். பெரிய தலை, சின்னக் கால், ஒரு கையில் பசைப் போத்தல், மற்றக் கையில் ஒரு கறுப்புத் துண்டு. கீழே நோர்வே மொழியில், "அப்பா இரும்பை ஒட்டுகிறார்" என்று எழுதியிருந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அதை வகுப்புச் சுவரில் பார்த்தேன். பக்கத்துப் படத்தில் ஒரு அப்பா பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்ததில் ஒரு அம்மா யாருக்கோ பல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பசைப் போத்தலைப் பற்றி ஆசிரியைக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும் போலவும் இருந்தது. அதற்கு என்னுடைய நோர்வே மொழி காணாது. ஆகவே மூத்தவளுக்கும் சின்னவனுக்குமாக, உங்கள் இரண்டு பேருக்கும் தமிழில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் ஒழுங்காகப் படித்தவன் அல்ல. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள், நான் பசையால் ஒட்டுவதில்லை. இரண்டு துண்டுகளின் விளிம்புகளையும் உருக்கி, இரண்டும் ஒன்றாகக் கலந்து ஆறும்வரை காவல் இருப்பதுதான் என் வேலை. அதோடு இரும்பு மட்டும் என்றும் இல்லை. பால் பண்ணைக்குப் போகும் எவர்சில்வர் குழாய், படகுக்கு அலுமினியத் தாங்கி, சில நேரம் செம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். எந்த உலோகத்தை எந்த முறையில் ஒட்டுவது என்று தெரிவதுதான் பாதி வேலை.

அந்த முறைகளில் நான் அதிகம் செய்தது ரிக் வெல்டிங். நாங்கள் ரிக் என்று எழுதுவோம், தமிழ்நாட்டு ஆட்கள் டிக் என்பார்கள். பேனை போல ஒரு பிடி. அதன் நுனியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தால் செய்த ஒரு ஊசி. ஊசி உருகாது. ஊசிக்கும் வேலைத்துண்டுக்கும் இடையில் ஒரு சின்ன வெள்ளைத் தீ எரியும். காற்றுப் படாமல் ஆர்கன் என்ற வாயு அந்தத் தீக்குக் குடை பிடிக்கும். வலக்கையில் பிடி, இடக்கையில் ஒரு மீற்றர் நீளமான மெல்லிய கம்பி. உருகி நிற்கும் சின்னக் குளத்தில் கம்பியின் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுக்க, துளித்துளியாகச் சேர்ந்துகொண்டு போகும். தீப்பொறி பறக்காது. சத்தமும் இல்லை. நல்ல கை என்றால், ஆறிய பிறகு மீன் செதில் அடுக்கினது போல இருக்கும்.

வேலைத்தலத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்றவள் ஒரு பெண். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். நோர்வேயின் வடக்கு முனையில், கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். நான் வந்த முதல் நாளே, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"எங்கையிருந்து வந்தனீர்?"

"இலங்கை. வடக்கு."

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் வடக்குத்தான். இஞ்சை தலைநகரத்திலை என்ரை பேச்சைக் கேட்டுச் சிரிப்பினம். உம்மடை பேச்சுக்கும் அங்கை தலைநகரத்திலை சிரிக்கிறவையோ?"

"சிரிக்கிறவை," என்றேன். "ஒருக்கால் சிரிக்காமல் அடிக்கவும் வந்தவை. அதுதான் இஞ்சை வந்தனான்."

அவள் பேசியது நோர்வே மொழிதான். அந்த மொழியில் எல்லாருக்கும் ஒரே மரியாதை. அதை நான் எங்கள் "நீர்" போட்டு எழுதுகிறேன். வசனத்துக்கு ஒன்றாக அவள் போடும் கெட்ட வார்த்தைகளை எழுதாமல் விடுகிறேன்.

அவளுடைய மேற்சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும்: ஒரு சின்னக் காந்தம், ஒரு அரம், ஒரு வெள்ளைத் துணி. எந்த வேலை வந்தாலும் மெசின் பக்கம் திரும்பவே மாட்டாள். உலோகத்தைத்தான் பார்ப்பாள். காந்தத்தை வைத்துப் பார்ப்பாள். அரத்தால் ஒரு கீறுக் கீறுவாள். கையில் தூக்கிப் பாரம் பார்ப்பாள். பிறகு துணியால் ஒரு தரம் துடைத்து, துணியில் என்ன நிறம் வந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வைத்தியர் நாடி பிடிப்பது போல இருக்கும். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நிதானமா என்று நான் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். சனிக்கிழமைகளில் எங்கள் சொந்த வேலைக்கு போர்மன், அதாவது எங்களுக்கு மேலே இருந்தவர், இடம் தருவார். நகரத்தின் தெற்குப் பக்கம், ஹொல்ம்லியாவில் இருந்து, எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணை மூன்று சாமானைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றும் கோயில் சாமான். அன்னதானத்துக்குக் கறி வைக்கிற பெரிய அலுமினியச் சட்டி, ஒரு பக்கத்துக் காது கழன்றது. பொருட்கள் ஏற்றுகிற இரும்புத் தள்ளுவண்டி, அச்சடியில் வெடித்து, துருவேறிக் கறள் பிடித்தது. தண்டு முறிந்த பித்தளைக் குத்துவிளக்கு.

"தம்பி, நீர் இப்ப ரிக் பழகிட்டீராம். வெஸ்ட்லிப் பக்கத்துச் சனமும் கதைக்கினம். மூண்டையும் உந்த ரிக்காலையே அடிச்சுவிடும்."

"அதுக்கென்ன அண்ணை, செய்வம்," என்றேன். புதிதாகத் தொழில் பழகினவனுக்கு வாயில் "ஏலாது" வராது.

அவள் தன்னுடைய வேலையை விட்டுவிட்டு வந்தாள். காந்தம், அரம், துணி. பிறகு மூன்று சாமானையும் நிலத்தில் மூன்று மூலையில் தள்ளி வைத்தாள்.

"சட்டி ரிக். வண்டில் குச்சி. விளக்கு ரெண்டும் இல்லை."

குச்சி என்றால், மேலே மாப் பூசின தடித்த கம்பியால் செய்யும் பழைய வெல்டிங். தீப்பொறி, புகை, சத்தம் எல்லாம் அதில்தான். அண்ணைக்கு அதைச் சொன்னேன். அவருக்கு முகம் போய்விட்டது.

"ஏன் தம்பி, வண்டிலுக்கு மட்டும் மட்டமானதோ? கோயில் வண்டில் எல்லே!"

நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் தள்ளுவண்டியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள். கறள் பொலபொலவென்று கொட்டியது.

"மட்டமோ? ரிக் கறளைக் கண்டால் நிண்டுபோகும். குச்சி கறளைத் திண்டு ஏப்பம் விடும். இவ்வளவு தடிச்ச இரும்புக்கு ரிக்காலை செய்யத் துவங்கினா உமக்கு பென்ஷன் வந்திடும்."

நான் அதை எங்கள் ஆளுக்கு விளங்குகிற மாதிரி மாற்றிச் சொன்னேன். "அண்ணை, ரிக் எண்டது மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. ஒரு தூசி கண்டாலும் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போயிடும். குச்சி எங்கடை ஆள். எதையும் சமாளிக்கும்."

"அப்ப என்ரை சம்பந்தி ரிக்," என்றார் அண்ணை. பிறகு வண்டியைத் தானே குச்சி மெசின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

விளக்கை ஏன் ரிக்கால் செய்யக்கூடாது என்று அப்போது எனக்கே தெரியாது, அவள்தான் சொன்னாள். பித்தளைக்குள் துத்தநாகம் கலந்திருக்கிறது. பெரிய சூடு பட்டால் அதுதான் முதலில் கொதித்து, வெள்ளைப் புகையாக வெளியே வரும். அந்தப் புகையைக் குடித்தால் இரவு காய்ச்சல். மிஞ்சுவது ஓட்டை விழுந்த ஒட்டு. அவள் வாயு அடுப்பின் தீயைப் போல ஒரு மெல்லிய தீயைப் பிடித்து, விளக்கை உருக்காமல், வெள்ளி கலந்த ஒட்டுக் கம்பியை மட்டும் உருக்கி இடைவெளியில் ஓடவிட்டாள். திரி போடும் இடத்தைச் சூடு படாமல் ஈரத் துணியால் சுற்றினாள். அது என்ன விளக்கு, எந்தச் சாமிக்கு என்று அவளுக்குத் தெரியாது. கைக்குழந்தையைத் தோய வார்ப்பது போலத்தான் செய்தாள்.

சட்டியை என்னிடம் தந்தாள். அலுமினியம் பொல்லாதது, பிள்ளைகள். இரும்பு சிவந்து எச்சரிக்கை காட்டும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் தொப்பென்று கீழே விழும். அதன் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. உள்ளே உருகிய பிறகும் அந்தத் தோல் உருகாது. ரிக் மெசினில் மின்சாரத்தை முன்னும் பின்னுமாக மாறிப் பாய வைத்தால், ஒரு பாய்ச்சல் தோலை உரிக்கும், மறு பாய்ச்சல் உருக்கும். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "சட்டியைப் பாராதையும், குளத்தைப் பாரும். கண்ணாடி மாதிரி மினுங்கினதும் கம்பி," என்றாள். அது மினுங்கியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோசம். அந்தச் சட்டி இன்னும் கோயிலில் இருக்கிறது.

இனி நான் பயந்த கதையைச் சொல்லவேண்டும்.

அப்போது நான் நிரந்தர வேலையாள் இல்லை. ஆள் அனுப்பும் கொம்பனி ஒன்று என்னைக் கடன் கொடுத்தது போல இந்த வேலைத்தலத்துக்கு விட்டிருந்தது. மூன்று வருடம் அப்படித்தான். அதற்கு முதல் அதே கொம்பனி என்னை மேற்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்துக்கு அனுப்பியது. நாலு கிழமை அங்கே, ஒரு கிழமை வீட்டில். சின்னவன் அப்போதுதான் கதைக்கத் தொடங்கியிருந்தான். ஒருமுறை நான் பையோடு ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது, அவன் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மாமா வந்திட்டார்," என்றான். அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன். சப்பாத்தைக் கழற்ற எனக்குக் கனநேரம் எடுத்தது.

அந்த மூன்றாவது வருடம் ஒக்டோபர் தொடக்கத்தில் போர்மன் என்னைக் கூப்பிட்டார். குறைவாகக் கதைக்கிற மனிதர். பால் பண்ணைக்கு எவர்சில்வர் குழாய் வேலை ஒன்று வந்திருக்கிறது, குழாயோடு குழாயைச் சேர்க்கும் பன்னிரண்டு பொருத்துச் செய்யவேண்டும், பன்னிரண்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். எல்லாம் சரி என்றால் எனக்கு இங்கேயே நிரந்தர வேலை. இல்லையென்றால் கொம்பனி என்னைத் திருப்பி எடுக்கும். தை மாதத்தில், அதாவது ஜனவரியில் இருந்து, மேற்குக் கரை.

எனக்கு அது பன்னிரண்டு பொருத்தாகத் தெரியவில்லை. சின்னவன் என்னை என்னவென்று கூப்பிடுவான் என்பதாகத்தான் தெரிந்தது.

அந்தக் கிழமைதான் ஆயுத பூசை வந்தது. நாங்கள் தொழில் செய்யும் கருவியைச் சாமிக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிற நாள். மெசினைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வர ஏலாது. ஆகவே ஐந்து கம்பிகளை ஒரு நீளக் குழலில் போட்டுக் கொண்டு வந்தேன். ரயிலில் ஒரு கிழவர் குழலைப் பார்த்துவிட்டு, எந்த ஏரியில் மீன் படுகிறது என்று என்னிடம் கேட்டார்.

அம்மா தட்டத்தில் உங்கள் புத்தகங்களை வைத்து, பக்கத்தில் கம்பிகளை நீட்டி வைத்தா.

"இஞ்சாருங்கோ, ஏன் அஞ்சு?"

"சும்மா. கையிலை வந்தது அஞ்சு."

"சும்மா எண்டு சொல்லாதேங்கோ. அஞ்செழுத்துக்கு அஞ்சு எண்டு வைப்பம்."

வீட்டுப்பாடத்தை மூத்தவள் நோர்வே மொழியில் லெக்ஸ என்றுதான் சொல்லுவாள். அவள் கேட்டாள்: "அப்பாவுக்கும் லெக்ஸ இருக்கோ?"

"ஓம் பிள்ளை, அப்பாவுக்குச் சோதனை. பெரிய சோதனை."

அம்மா ஒவ்வொரு கம்பியிலும் நுனியில் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு வைத்தா. சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம். ஒவ்வொரு பொட்டையும் வைத்துவிட்டு, ஒரு தரம் விரலால் அழுத்திப் பார்த்தா. அவவுக்கும் மேற்குக் கரை தெரியும்.

மறுநாள் வேலைத்தலத்தில் ஐந்து கம்பிகளையும் மேசையில் வைத்தேன். எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ரிக்குக்கு எடுக்கும் ஒவ்வொரு கம்பியையும் அசற்றோன் என்ற திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்கவேண்டும், துணி வெள்ளையாகவே இருக்கும்வரை. உருகிய எவர்சில்வருக்குள் விரல் எண்ணெய் போனாலும் அது ஆவியாகி, ஆறும்போது குமிழாக நின்றுவிடும். எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். அசற்றோன் போத்தலைத் திறந்து கையில் எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். சாமிக்குப் படைத்ததை அழுக்குத் துடைப்பது போல எப்படித் துடைப்பது? கைவிரலால் தடவினேன். பொட்டு உதிர்ந்தது, கறை நின்றது. கும்பிட்டுக்கொண்டு, முதல் ஐந்து பொருத்துக்கும் அந்த ஐந்து கம்பிகளையும் எடுத்தேன். நல்ல காரியத்தை நல்லதோடு தொடங்கவேண்டும் அல்லவா.

வேலை நன்றாகத்தான் ஓடியது. குழாயின் உள்ளேயும் ஆர்கன் வாயுவை நிரப்பி, ஒரு பொருத்துக்கு ஒரு கம்பியாகப் பன்னிரண்டையும் முடித்தேன். வெளிப்பக்கம் எல்லாம் தேன் நிறம். எவர்சில்வர் தேன் நிறத்தில் ஆறினால் நல்ல சகுனம். சாம்பல் நிறமென்றால் வாயு போதவில்லை. அவள் குனிந்து பார்த்து, "வடிவு," என்று ஒரு சொல் சொன்னாள். அவள் வாயில் அது பெரிய சொல்.

எக்ஸ்ரே எடுப்பவர் வந்தார். எங்களை வெளியே நிற்கச் சொல்லி, கயிறு கட்டி, படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து போர்மன் படங்களை வெளிச்சப் பெட்டியில் வைத்தார். சோற்றில் மிளகு விழுந்தது போல கறுப்புப் புள்ளிகள்.

"முதல் அஞ்சும் பிழை. மிச்சம் ஏழும் ஒரு குறையும் இல்லை. காஸ் எங்கையோ ஒழுகியிருக்கு, இல்லாட்டி உமக்குக் கை பதறியிருக்கு. வெள்ளிக்கிழமை நான் கொம்பனிக்குச் சொல்லவேணும்."

முதல் ஐந்து. பொட்டு வைத்த ஐந்து. அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சாமிப் பொட்டு வைத்த கம்பியால் பால் பண்ணைக் குழாயைப் பழுதாக்கினேன் என்று நோர்வே மொழியில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே சொல்ல வெட்கம். காஸ் ஒழுக்கு என்றே இருக்கட்டும், ஒழுக்கு என்றால் என்னுடைய பிழை இல்லையே என்று ஒரு எண்ணமும் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை நான் வந்தபோது, அவள் என்னுடைய மெசினைப் பாகம் பாகமாகக் கழற்றி நிலத்தில் பரப்பியிருந்தாள். விடியவே வந்திருக்கிறாள். வாயுக் குழாய் முழுக்கச் சவுக்காரத் தண்ணீர் பூசி, எங்காவது குமிழ் வருகிறதா என்று முழங்காலில் நின்று தடவிக்கொண்டு போனாள். தலைமயிரில் சவுக்கார நுரை.

"ஒரு ஒழுக்கும் இல்லை," என்றாள் நிமிராமல். "எனக்கு முதலே சந்தேகம். இஞ்சை வாரும், படத்தைப் பாரும். ஒழுக்கு எண்டால் எல்லா இடமும் இறைச்சிருக்கும். இது எண்ணி வைச்ச மாதிரிக் கிடக்கு. துவங்கிற இடத்திலை ஒரு கூட்டம், பாதி வழியிலை ஒரு கூட்டம், இடையிலை சுத்தம். அஞ்சிலையும் அப்படித்தான். ஒழுக்குக்கு எண்ணத் தெரியாது. உம்மடை முதல் அஞ்சுக்கும் என்ன வித்தியாசம்?"

நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று. அம்மாவின் விரல் எனக்குக் கண்ணில் தெரிந்தது. எனக்காக ஒருத்தி முழங்காலில் நிற்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துவிட்டேன்.

"கம்பி," என்றேன். "நான் கம்பியை வீட்டை கொண்டுபோனனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, பொட்டு, அசற்றோன் போத்தலைத் திறந்து மூடியது. மேற்குக் கரையையும் சொன்னேன், சின்னவன் மாமா என்றதையும் சொன்னேன். அவள் குப்பைத் தொட்டியைக் கிளறி, நான் எறிந்த கம்பித் துண்டொன்றை எடுத்தாள். நான் விரலால் தடவியபோது இழுபட்ட சந்தனக் கறை கொஞ்சம் அதில் மிச்சம் இருந்தது. மூக்கடியில் பிடித்தாள்.

"நல்ல வாசம். எங்கடை அம்மா ஒளிச்சு வைக்கிற சவுக்காரம் மாதிரி."

சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கடை ஊரிலை மீன்பிடிப் படகிலை முதுகுப்பையோடை ஏற விடமாட்டினம். ஏறினா மீன் படாதாம். எங்கடை அப்பா ஒருக்கால் பள்ளிக்கூட வாத்தியாரையே இறக்கிவிட்டவர். நான் விசர்க்கதை எண்டு சொல்லுவன். ஆனால் இண்டைவரைக்கும் முதுகுப்பையோடை படகிலை நான் ஏறினதில்லை." பிறகு குரலை மாற்றினாள். "ஆனால் ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தீரே, அதுக்கு உம்மை இந்தச் சவுக்காரத் தண்ணியிலை முக்கவேணும். எழும்பும். போர்மனிட்டைப் போவம்."

"நீர் சொல்லும். எனக்குச் சொற்கள் வராது."

"நான் வாறன். கதைக்கிறது நீர்தான்."

போர்மன் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். என் பேச்சு தட்டுத்தடுமாறியது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள், ஒரு சொல் எடுத்துத் தரவில்லை.

"கம்பியைத் துடைக்கவேணும் எண்டு தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்?"

"பயம்," என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

அவர் வெளிச்சப் பெட்டியை மறுபடி போட்டார். ஐந்து படங்களையும், பிறகு ஏழு படங்களையும் நேரமெடுத்துப் பார்த்தார். "அஞ்சையும் வெட்டி எடும். திங்கட்கிழமை திரும்பச் செய்யும். கொம்பனிக்கு நான் அடுத்த வெள்ளி சொல்லுறன்," என்றார். நாங்கள் கதவடிக்கு வந்துவிட்டோம். "நில்லும். அடுத்த வருசமும் பவுடர் வைக்கிற நாள் வருமோ?"

"வரும்," என்றேன். பொய் சொல்ல இனித் தெம்பு இல்லை.

"குச்சி மெசினிலை வைக்கட்டும்," என்றாள் அவள். "அது பெயின்ரைத் திண்ணும், கறளைத் திண்ணும். சாமியின்ரையையும் திண்ணும்."

போர்மனின் மீசை கொஞ்சம் அசைந்தது.

திங்கட்கிழமை நான் ஐந்து கம்பிகள் துடைத்தேன். துடைத்தேன் என்றால், ஒவ்வொன்றையும் நுனியில் இருந்து கடைசிவரை, துணியை மாற்றி மாற்றி. துணி வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனாலும் இன்னொரு தரம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் சாமி அறையைத் துடைப்பது அப்படித்தான். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. இதுவும் கும்பிடுவது மாதிரித்தானே இருக்கிறது! ஊசியைக் கூராக்கினேன். குழாய்க்குள் வாயு நிரம்பும்வரை அவள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னுடைய வேலையைப் போட்டுவிட்டு, அந்த நாள் முழுக்க எனக்கு வாயுக் குழாயைப் பிடித்துத் தந்தாள். கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஐந்தாவது பொருத்து ஆறித் தேன் நிறத்துக்கு வந்ததும், பையில் இருந்த தன்னுடைய வெள்ளைத் துணியை எடுத்து மூக்குச் சீறினாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து படங்களும் சுத்தம். போர்மன் பாராட்டவில்லை. தை மாத வேலை அட்டவணையைச் சுவரில் குத்தினார். அதில் என் பெயர் இருந்தது.

தை மாதம் முதல் வேலைநாள், இருட்டுக்குள் நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அப்பா, தூரமோ போறீங்கள்?"

"இல்லையடா. வேலைக்கு."

"பின்னேரம் வருவீங்களோ?"

"வருவன்."

அவன் அதை நம்பவில்லை. என்னுடைய பை எவ்வளவு பெரியது என்று திறந்து பார்த்தான். சாப்பாட்டுப் பெட்டிதான் இருந்தது. திருப்பி மூடிவிட்டுப் படுக்கப் போனான்.

அடுத்த ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை, உங்கள் இரண்டு பேரையும் வேலைத்தலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூத்தவள் கையில் சந்தனப் பேணி, குங்குமச் சிமிழ். வடக்குக்காரி எங்களுக்காக வாசலில் நின்றாள். ரிக் மெசின் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. மூத்தவள் நேரே அதற்குத்தான் விரலைக் கொண்டுபோனாள். வடக்குக்காரி அவளுடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தாள்.

"இதிலை வேண்டாம். இவ சுத்தக்காரி. கோவிச்சுக்கொள்ளுவா."

"அப்ப எதிலை?"

மூலையில் பச்சைப் பெயின்ற் உரிந்துபோய் நின்ற பழைய குச்சி மெசினைக் காட்டினாள். "இவருக்கு வையும். எத்தினை வேணுமெண்டாலும் வையும். இவர் ஒண்டுக்கும் முகம் சுளிக்கமாட்டார்."

மூத்தவள் ஐந்து பொட்டு வைத்தாள். சின்னவன் ஆறாவதாக ஒன்றை, கேட்காமல், மெசினைப் போடும் ஆளியின் மேலேயே வைத்தான்.

திங்கட்கிழமை கறள் பிடித்த ஒரு இரும்பு வேலை வந்தது. நான் குச்சி மெசினைப் போட்டேன். அது சூடாகி, அதன் விசிறி காற்றை வெளியே தள்ளத் தொடங்கியதும், பட்டறை முழுக்கச் சந்தனம் மணத்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். போர்மன் தன்னுடைய அறைக்கதவைத் திறந்து, மூக்கை உறிஞ்சி, "ஓகோ, ஒக்டோபர் வந்திட்டுது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்.